கணக்கு வேறு, பெயர் வேறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"தன்மதிப்பு" என்ற தலைப்பில் கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் கிறிஸ்தவப் பெண். இந்தப் பந்தலில் முத்தாரம்மனுக்கு விரதம் இருக்கிறவர்கள் உண்டு, ஐந்து வேளை தொழுகிறவர்கள் உண்டு. ஜெபக்கூட்டம் நடத்த நான் வரவில்லை. பயப்பட வேண்டாம். ஆனா, "உனக்கு உன் மேல மதிப்பு எங்கே இருந்து வந்தது?" என்று என்னைக் கேட்டால், வேதப் புத்தகத்தில் இருந்துதான் வந்தது என்று சொல்வேன். அதை மூடி வைத்துவிட்டு வேறு எதையாவது பேசினால் அது மேடைக்காகப் பேசியதாகிவிடும்.

தருமபுரியில் 1989-ல் முதன்முதலாகக் குழுக்கள் தொடங்கியபோது நான் அங்கே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் குழு தொடங்கிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வங்கியில் கணக்குத் திறக்கப் பெயர் எழுதினோம். "உங்க பேரு என்ன?" என்று கேட்டால் "மேலத்தெரு டெய்லர் வீட்டம்மா" என்று ஒருத்தி சொல்கிறாள். "அது சரிக்கா, உங்க பேரு?" "பெரியவன் அம்மான்னுதான் கூப்பிடுவாங்க." கடைசியில் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்துத்தான் எழுதினோம். பல பேருக்குத் தன் பெயரைத் தன் வாயால் சொல்லவே கூச்சம். இன்றைக்கு அந்த அக்காமார் எல்லாம் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுப் பேசுகிறார்கள். இதையெல்லாம் இந்த மலரில் நிறைய பேர் எழுதியிருப்பார்கள். நான் பேச வந்தது அடுத்த கட்டம்.

குழுவால் நமக்குப் பெயர் கிடைத்தது, சரி. ஒருத்தி தப்புச் செய்துவிட்டால் அந்தப் பெயர் என்ன ஆகிறது? தவணை கட்டாவிட்டால் அவள் "கட்டாதவ." பொய் சொல்லிவிட்டால் "ஏமாத்துக்காரி." வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் "ஓடிப்போனவ." வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதற்குப் பிறகு ஊரில் அவளுக்கு அந்தப் பட்டம்தான் பெயர். கொஞ்ச நாளில் அவளும் தன்னை அப்படித்தான் நினைக்க ஆரம்பிக்கிறாள்.

இதற்கு நம் ஊர்க்கதை ஒன்றே இருக்கிறது. பாளையங்கோட்டையில் பழைய கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆலயம் உண்டு. பெரியவர்கள் அதைப் "பாப்பாத்தியம்மாள் கோயில்" என்பார்கள். அந்த அம்மாள் வெட்டி வைத்த கிணற்றுக்குப் "பாப்பாத்தியம்மாள் கிணறு" என்று பெயர். பாப்பாத்தியம்மாள் கிறிஸ்தவக் கோயில் கட்டினாளா என்று கேட்பீர்கள். கட்டினாள்.

தஞ்சாவூரில் இருந்த மராத்திப் பிராமணக் குடும்பத்துப் பெண் அவள். இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். உடன்கட்டை ஏற்றப் போன இடத்தில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அவளைக் காப்பாற்றினார் என்று சொல்லி வருகிறார்கள். உடன்கட்டையைச் சட்டம் தடை செய்தது 1829-ல். இது அதற்கு ஐம்பது வருஷத்துக்கும் முந்தின காலம். நெருப்பில் இருந்து தப்பித்தால் மட்டும் போதுமா? தப்பித்தவளைச் சேர்த்துக்கொள்ளச் சொந்தமும் கிடையாது, சாதியும் கிடையாது. அவள் அந்த அதிகாரியோடேயே வாழ்ந்தாள். கல்யாணம் நடக்கவில்லை. அவர் பணியின் பொருட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவளும் கூட வந்தாள். கிறிஸ்தவ வேதத்தை அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அவள் ஞானஸ்நானம் கேட்டாள். சுவார்ட்ஸ் ஐயர், ஜெர்மானிய மிஷனரி, மறுத்துவிட்டார். "கல்யாணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்கிறாய்" என்பது காரணம். எனக்கு இந்த இடத்தில் மனதுக்குள் எப்போதும் ஒரு சண்டை உண்டு. கூட வாழ்ந்த ஆம்பிளையும் கிறிஸ்தவர்தான். வாசல் அடைபட்டது அவளுக்குத்தானே. சரி, அது கிடக்கட்டும்.

பிறந்த வீடு, "செத்துப்போக வேண்டியவள்" என்றது. ஊர், "வெள்ளைக்காரனோடு போனவள்" என்றது. எந்தச் சாமியிடம் வந்தாளோ அந்தச் சாமியின் கோயிலும் "நீ தப்பான நிலையில் இருக்கிறாய்" என்றது. ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நம்மில் பாதிப்பேர் இதில் கால்வாசி பட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அவள் உட்காரவில்லை. அந்த அதிகாரி இறந்துபோனார். அவர் விட்டுப்போன சொத்து அவளுக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் மறுபடியும் கேட்டாள். 1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் வந்தது.

1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். மொத்தம் 40 பேர். பல சாதிக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக. அந்தப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? கிளாரிந்தா. திருநெல்வேலிச் சீமையில் இன்றைக்கு இத்தனை ஆயிரம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிறதே, அந்த ஏட்டின் முதல் வரியில் இருப்பது, வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு விதவைப் பெண்ணின் பெயர். அவள் கொடுத்த பணமும் ஆங்கிலேயர் சிலர் கொடுத்ததும் சேர்ந்து எழும்பின ஆலயத்தை 1785-ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். மறுத்தவர் கையாலேயே. அவளோ பழையதைப் பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. கிணறு வெட்டினாள், தண்ணீர் வந்தது.

இந்தக் கதையில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். புருஷன் செத்தது அவள் தப்பா? கிடையாது. அது அவள் மேல் ஏற்றி வைத்த பழி. நாமும் இப்படித்தான். பிள்ளை இல்லை என்றால் பழி. நாலும் பொட்டப்பிள்ளை என்றால் பழி. புருஷன் குடித்தால்கூட "அவ சரியில்ல, அதான் குடிக்கான்" என்று பழி. இவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு முழங்கால் போட வேண்டியதே இல்லை. சில பிரசங்கங்களில் "நான் பாவி, நான் பாவி" என்று சொல்லச் சொல்வார்கள். அடி வாங்கியவளும் அழுதுகொண்டே அதைச் சொல்வாள், அடித்தவன் வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பான். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நிஜமாகவே நாம் செய்த தப்பு என்று ஒன்று உண்டு. அதுதான் கஷ்டமான பாடம். அதற்கு எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவளே "சொல்லுங்கக்கா, பேர் மட்டும் வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அவள் எங்கள் குழுவின் பிரதிநிதியாக இருந்தாள். நல்ல கையெழுத்து, கணக்கில் கெட்டிக்காரி. வங்கிக் கடனுக்கு மாதம் ஆளுக்கு 600 ரூபாய் தவணை. 12 பேர், 7,200 ரூபாய். ஒரு மாதம் அந்தப் பணம் வங்கிக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். தனியார் நிறுவனம் ஒன்றில் வாங்கியிருந்த கடனுக்காக ஆட்கள் வந்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் போட்டுவிடலாம் என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் ஒரு மாதமாகிவிட்டது. "கட்டியாச்சு, பாஸ்புக் பதியத்தான் மிஷின் வேலை செய்யல" என்று எங்களிடம் பொய்யும் சொன்னாள். வங்கியில் இருந்து போன் வந்த அன்றைக்குத் தெரிந்துபோனது. கூட்டத்தில் யாரோ பேனாவை எடுத்து அவள் பெயர் மேல் கோடு போட்டுவிட்டார்கள்.

அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். கோயிலுக்கு வருவதையும் நிறுத்தினாள். தெருக்குழாயில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகு, உச்சி வெயிலில் குடத்தோடு வருவாள் என்று அடுத்த வீட்டு மைனி சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு யோவான் எழுதிய சுவிசேஷத்தில் வருகிற சமாரியப் பெண்தான் கண்ணில் வந்தாள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளும் மத்தியான வேளையில் கிணற்றுக்கு வருகிறாள். ஐந்து புருஷர்கள் இருந்தவள், இப்போது இருப்பவன் புருஷனும் அல்ல. இயேசு நடந்து களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் யூதர், அவள் சமாரியப் பெண். ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்ததைப் பார்த்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளிடம் அவர் முதலில் என்ன சொன்னார்? புத்தி சொல்லவில்லை. "குடிக்கத் தண்ணீர் தா" என்று கேட்டார். அவளுடைய ஐந்து புருஷர் விவகாரமும் பேச்சில் வருகிறது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அது பிறகுதான். முதலில் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று காட்டினார்.

தப்புச் செய்தவளிடம் நாம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். புத்தி சொல்வோம், திட்டுவோம், பரிதாபப்பட்டு அரிசி கொடுப்போம். "எனக்கு இதைச் செஞ்சு தா" என்று கேட்க மாட்டோம். அந்தச் சமாரியப் பெண்ணோ குடத்தைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். யார் முகத்தில் விழிக்கக் கூசினாளோ அவர்களையே கூப்பிட்டாள். ஊர் அவள் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தது.

எங்கள் குழுவில் இருப்பதிலேயே மூத்தவர் ஒரு ஆச்சி. கைநாட்டு. இசக்கியம்மன் கொடைக்கு முதல் ஆளாய் நிற்பவர். வேதப் புத்தகத்தை அவர் தொட்டதே கிடையாது. எல்லாரும் போலீசுக்குப் போவோம் என்று கத்திக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்: "ஏளா, பணத்த மட்டும் கேட்டா போதுமா? அவளையும் கேட்டுட்டு வருவோம்." ஆச்சியும் நானும் போனோம்.

நாங்கள் போனபோது அவள் கதவைப் பாதி திறந்தாள். "பணத்த எப்படியும் கட்டிருவேங்கக்கா. கட்டி முடிச்சுட்டுப் போய்ச் சேர்ந்துருவேன்" என்றாள். எங்கே போய்ச் சேருவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. ஆச்சி அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு யூதாசும் பேதுருவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன அதே ராத்திரியில் இரண்டு சீஷர்கள் தவறினார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக் கொடுத்தான். பேதுரு, குளிர் காய்ந்துகொண்டே, "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று தரம் சொன்னான். நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. யூதாஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். முப்பது காசையும், ஒன்று குறையாமல். கணக்குப்படி பார்த்தால் அவன் பாக்கி வைக்கவில்லை. ஆனாலும் அவனால் உயிரோடு இருக்க முடியவில்லை. பேதுருவுக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. சொன்ன பொய்யை எந்தக் கையால் திருப்பிக் கொடுப்பது? அழுதான். ஆனால் மற்றவர்களை விட்டுப் போகவில்லை, அவர்களோடே இருந்தான். உயிர்த்தெழுந்த இயேசு ஒரு விடியற்காலையில் கடற்கரையில் கரி அடுப்பில் மீன் சுட்டு, அப்பமும் வைத்து, "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார். சாப்பாடு முடிந்த பிறகுதான் பேச்சு. பேதுருவை அவன் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொந்தப் பெயரால் கூப்பிட்டு, என் மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரம் மறுத்தவனுக்கு மூன்று தரம் பதில் சொல்ல இடம் கொடுத்தார். ஒவ்வொரு தரமும் ஒரு வேலையையும் கொடுத்தார், ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று.

இதை நான் அவளிடம் அப்போதே கதையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கதை எடுபடாது. ஆச்சி கொண்டுபோன தூக்குச் சட்டியில் இருந்த சுடுகஞ்சியைத்தான் முதலில் குடிக்க வைத்தோம். பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு ரொக்கப் புத்தகம் எழுதத் தெரியல. எனக்கு ஒத்தையில முடியல. சொல்லிக் கொடுக்க வாறியா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னையா கூப்பிடுதீய?" என்றாள். அப்புறம் அழுதாள். ஒரு மணி நேரம் இருக்கும்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவள் வரவில்லை. வந்த அன்றைக்கு இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அவர்களும் பீடி சுற்றித்தானே அந்த 600 ரூபாயைக் கட்டினார்கள். நடந்ததை அவள் எல்லார் முன்பும் அவள் வாயாலேயே சொன்னாள். மாதம் 600 வீதம் 12 மாதத்தில் கட்டுவது என்று தீர்மானம் எழுதினோம். ஒரு மாதம் தாமதம், மற்றபடி கட்டி முடித்தாள். சகேயு என்ற வரி வசூல்காரன் இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றைக்கே, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றானாம். லூக்கா எழுதியிருக்கிறார். சேர்த்துக்கொண்டதற்கு அப்புறம்தான் அவன் பணத்தைப் பற்றியே பேசினான். அந்த வரிசை எங்கள் குழுவில் அப்படியே நடந்ததை நான் பார்த்தேன்.

வங்கிக்குப் பணம் கொண்டுபோகும் வேலையை அவளுக்கு மறுபடியும் கொடுக்கவில்லை. அது தண்டனை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளே வேண்டாம் என்றாள். இப்போது எந்தக் குழுவிலும் ஒருத்தி தனியாகப் பணம் கொண்டுபோகக் கூடாது, இரண்டு பேர் போகணும், அன்றைக்கே ரசீதைக் காட்டணும். மன்னித்துவிட்டோம் என்பதற்காகப் பெட்டிச் சாவியைத் தூக்கிக் கொடுத்தால், அது அவளுக்கும் சோதனை, நமக்கும் நஷ்டம். வீட்டில் அடிக்கிற புருஷனை மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ என்று சொல்கிறவர்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன். மனதில் பகை வைக்காமல் இருக்கலாம், அதற்காக அடி வாங்கப் போக வேண்டியதில்லை.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன், "இப்ப உன்னப் பத்தி நீ என்ன நினைக்க?" என்று. "தப்புச் செஞ்சேன்கா. அது பொய்யில்ல. ஆனா கோயில்ல முழங்கால் போடும்போது, அந்த 7,200 ரூபா மட்டும் நான் இல்லன்னு தெரியுது" என்றாள். இதை வேதபாடசாலையில் படித்தவர் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கடவுள் அவளை உண்டாக்கினார், அவளைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார் என்று அவள் நம்புகிறாள். ஊர் எழுதுகிற பட்டமும், நோட்டில் போட்ட சிவப்புக் கோடும் அதற்குப் பிறகு வந்தவைதானே. ஆச்சியிடம் இதைச் சொன்னால், "எங்க அம்மனும் பெத்தவதான், தள்ளுவாளா?" என்கிறார். நான் ஆச்சியோடு வாதம் பண்ணுவதில்லை.

அவள் இந்தப் பந்தலில்தான் இருக்கிறாள். யாரென்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். பழைய வருகைப் பதிவேட்டை மட்டும் மாற்றவில்லை. கோடு போட்ட பெயருக்குப் பக்கத்திலேயே அவள் பெயரை மறுபடியும் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டும் இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள்.

கடைசியாக ஒரு வேலை விஷயம். ஒரு உறுப்பினரின் பெயரை நீக்கத் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், குழுவில் இருந்து இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போய் வந்திருக்க வேண்டும், போன தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரும்படி எங்கள் குழு சார்பில் எழுதி, தலைவி அக்காவிடம் காலையில் கொடுத்திருக்கிறோம். ஆச்சியின் கைநாட்டுத்தான் அதில் முதலில் இருக்கிறது. அடுத்த மாதச் செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாக அக்கா சொல்லியிருக்கிறார்கள். உங்கள் குழுக்களிலும் பேசிவிட்டு வாருங்கள். சாம்பார் வாசனை வந்துவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.